பூசணி இல்லாச் சான்று

அன்னூரில் வறட்சித் தாங்குதிறன் மேம்பாட்டு இயக்ககத்தின் வட்டார அலுவலக வாசலில் ஐந்து சிமெண்டுத் தொட்டிகள் இருந்தன. ஐந்திலும் குரோட்டன்ஸ் செடிகள் செத்துப்போயிருந்தன. செத்து இரண்டு வருடமாவது ஆகியிருக்கும். ஆனால் இருப்புப் பதிவேட்டில் 'செடியுடன் கூடிய தொட்டி – 5' என்று இருந்ததால் யாரும் அவற்றைப் பிடுங்கவில்லை. கடைநிலை ஊழியர் தினமும் காலையில் காய்ந்த குச்சிகளின் மேல் படிந்த தூசியை மட்டும் துணியால் துடைத்துவிட்டுப் போவார்.

தம்பிதுரை நாற்பத்தாறு வயது வரைக்கும் அந்தத் தொட்டிகளைப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தார். உள்ளே போகும்படி எந்தத் தப்பும் அவர் செய்திருக்கவில்லை. அந்த வருடம் செய்துவிட்டார். ஊரே காய்ந்துகிடந்தபோது அவர் தோட்டத்தில் பாதி பச்சையாக இருந்தது.

ஒரு ஏக்கரில் கறிவேப்பிலை. நட்டுப் பதினான்கு மாதம். கிழக்கே இருபது வரிசை, மேற்கே இருபது வரிசை. போர்வெல் தொள்ளாயிரம் அடியிலிருந்து ஒரு நாளைக்கு அரைமணி நேரம் தண்ணீரைத் துப்பிவிட்டு மீதி நேரம் காற்றை ஊதியது. அந்தத் தண்ணீரைத்தான் இரண்டு பக்கத்துக்கும் சமமாக விட்டார். கிழக்குப் பக்கம் செழித்தது. மேற்குப் பக்கம் இலை சுருண்டு நின்றது. வித்தியாசம் வேரில்தான் இருந்தது.

காரமடைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்த முறை அது. இரண்டடி அகலத்தில் பாத்தி வெட்டி, மண்ணும் பழைய மாட்டெருவும் போட்டு, ஒரு பொட்டலம் வேர்ப் பூசணம் வாங்கித் தூவி, மக்காச்சோளம் விதைக்க வேண்டும். பூசணம் சோளத்தின் வேருக்குள் குடியேறிப் பெருகும். இரண்டு மாதம் கழித்துத் தண்ணீரை நிறுத்தி, சோளத்தட்டையை அறுத்து, வேரை மண்ணோடு தோண்டிப் பொடியாக நறுக்கி எருவில் கலந்தால் தீர்ந்தது. அதைச் செடியின் தூரில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நூலாக அது மண்ணுக்குள் பரவி, வேர் எட்டாத இடத்து ஈரத்தையும் இழுத்துவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி அதற்குக் கொஞ்சம் சாப்பாடு போடும். தம்பிதுரைக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றாத ஏற்பாடாகத் தெரிந்தது.

முதல் பாத்தி கிழக்குப் பக்கத்துக்கே சரியாகப் போய்விட்டது. மேற்குப் பக்கத்துக்காக இரண்டாவது பாத்தியைத் தோண்டி, கிணற்றுமேட்டில் நெஞ்சு உயரத்துக்குக் குவித்து, ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். கையில் அள்ளினால் மழை நின்று அரைமணி நேரம் ஆன மண்ணின் வாசனை வந்தது. திங்கட்கிழமை வைத்துவிடலாம் என்று நாள் பார்த்திருந்தார். வெள்ளிக்கிழமை கணக்கெடுக்க ஆள் வந்தது.

வந்தவர் லோகப்பிரியா, களப்பணி அலுவலர். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். கோயம்புத்தூரில் ஆறாவது மாடியில் வளர்ந்த பெண். கையில் டேப்லெட் வைத்திருந்தார். வரப்பில் நின்று கிழக்குப் பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"ஏனுங்கண்ணா, இது என்னங்க பச்சையா இருக்குது?"

"கறிவேப்பிலைங்க அம்மணி."

"அது தெரியுதுங்க. உங்க ஊரு முழு வறட்சின்னு போன வாரமே அறிக்கை போயிருச்சு. அறிக்கைப்படி இங்க பச்சை இருக்கக் கூடாதுங்க."

தம்பிதுரை மன்னிப்புக் கேட்கிற குரலில், "பாதிதானுங்க" என்றார்.

"என்ன போட்டீங்க?"

"குப்பைங்க."

கொங்கு நாட்டில் மாட்டெருவுக்குக் குப்பை என்றுதான் பெயர். குப்பை அடிக்காமல் உழவு இல்லை. ஆனால் லோகப்பிரியாவுக்குத் தெரிந்த குப்பை, காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் மாநகராட்சி வண்டியில் போவது. அவர் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு, 'குப்பை' என்று எழுதினார்.

"அதுல வேற ஏதாச்சும் கலந்தீங்களா?"

"வேர்ப் பூசணம்ங்க."

அதையும் எழுதிக்கொண்டார். புறப்படும்போது ஒரு நெகிழிப் பையில் குவியலிலிருந்து இரண்டு கை அள்ளி முடிச்சுப் போட்டார். "மாதிரிங்கண்ணா" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் இரண்டு ஊழியர்கள் வந்து குவியலைச் சுற்றி நான்கு குச்சி நட்டு, சிவப்பு நாடா கட்டினார்கள். நாடாவில் ஒரு அட்டை தொங்கியது. 'ஆய்வுக்குரிய பொருள். மறு உத்தரவு வரை தொடக் கூடாது. உதவி இயக்குநர்.' கீழே கையெழுத்து. அதில் கடைசி எழுத்து மட்டும் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

"தொட்டா என்னங்க ஆகும்?" என்று தம்பிதுரை கேட்டார்.

"ஆய்வுக்கு ஒத்துழைக்காத ஊருன்னு எழுதிருவாங்க. தண்ணி லாரி நின்னுபோகும்" என்றார் ஒருவர். இன்னொருவர் குவியலிலிருந்து ஒரு பை மாதிரி எடுத்துக்கொண்டார்.

வாரத்துக்கு இரண்டு நடை வரும் தண்ணீர் லாரியை நம்பித்தான் ஊரில் அடுப்பு எரிந்தது. செய்தி மத்தியானத்துக்குள் பரவிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக் குமாரசாமி வரப்பு வரைக்கும் வந்து, நாடாவைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தொரை, நீ நல்லவன்தான். ஆனா எங்க கொடத்துல கைய வெச்சிராத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பிதுரையின் மனைவி புவனா நாடாவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "கோழி தாண்டிப் போகுது, நாய் தாண்டிப் போகுது. உங்களுக்கு மட்டும் இது மதில் சொவரா?"

"லாரி நின்னுபோகும் புவனா."

"செடி நின்னுபோகுமே."

போன வறட்சியில் தென்னை மொத்தமும் போனது. இந்த மேற்கு இருபது வரிசையும் போனால் மிச்சப் பாதியை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாது, தன் தம்பி மாதிரி நூல்மில் ஷிப்டுக்குப் போக வேண்டியதுதான். அவன் காதில் பஞ்சோடு வந்து, பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவன். மேற்குப் பக்கத்துச் செடிகள் இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று தம்பிதுரை கணக்குப் போட்டார். அதற்குள் நாடாவை அவிழ்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பத்து நாளில் கடிதம் வந்தது. 'முழு வறட்சி வட்டாரத்தில் தங்கள் நிலத்தில் பச்சையாகக் காணப்படும் பூசணி குறித்து நேரில் விளக்கமளிக்கவும்.'

தம்பிதுரை கடிதத்தை மூன்று முறை படித்தார். பிறகு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தனக்குத் தெரியாமல் எங்காவது பூசணிக் கொடி முளைத்திருக்கக்கூடும் என்று நினைத்தார். கிணற்றுக்குள்கூட எட்டிப் பார்த்தார்.

அலுவலகத்தில் கணினி முன்னால் ரைஹான் உட்கார்ந்திருந்தான். கோட்டைமேட்டிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறவன், ஒப்பந்த ஊழியன். அந்தக் கட்டடத்தில் நாள் முழுக்க வேலை செய்கிற ஒரே ஆள் என்பதால் எல்லோரும் அவனைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

"பூசணம்னுதானுங்கண்ணா மேடம் எழுதியிருந்தாங்க. ஆனா பாருங்க." அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். "பயிர்ப் பட்டியல்ல 'பூ'ன்னு அடிச்சா பூசணி ஒண்ணுதான் வருது. பூசணம்னு முழுசா அடிச்சாலும் அதுவே பூசணின்னு மாத்திக்குது. நான் மூணு தடவ சண்ட போட்டனுங்க. அது ஜெயிச்சிருச்சு."

"அழிச்சுபோடலாமுங்களா?"

"அழிக்கலாங்க. பூசணி இல்லைன்னு ஒரு சான்று வேணும்."

கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். அவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "இருக்கறத இருக்குதுன்னு குடுப்பனுங்க. செத்தத செத்துதுன்னு குடுப்பனுங்க. பொறக்காத பூசணிக்கு நான் என்னன்னு குடுப்பேன்? பொறந்திருந்தாலாச்சும் எறப்புச் சான்று குடுத்துரலாம்."

திரும்பவும் அலுவலகம். நான்கு நாள் நடந்த பிறகு உதவி இயக்குநர் கிருபாசங்கரைப் பார்க்க முடிந்தது. அவர் தலைக்கு மேல் சுவரில் வண்ணப் படம் ஒன்று மாட்டியிருந்தது. ஒரு செடி, அதன் வேர், வேரைச் சுற்றி வெள்ளை நூல்கள். 'வேர்ப் பூசணம் – வறட்சியில் உழவனின் தோழன்' என்று எழுதியிருந்தது. கீழே இதே இயக்ககத்தின் முத்திரை. பதினோரு வருடத்துக்கு முந்திய தேதி.

தம்பிதுரை படத்தை நோக்கிக் கையை நீட்டினார். "இதுதானுங்க. இதையேதான் நானும் போட்டிருக்கறனுங்க."

கிருபாசங்கர் கழுத்தைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். அதை முதல் தடவை பார்க்கிறவர் போல் இருந்தது. "அப்படீங்களா? சுவத்துல அந்த எடத்துல விரிசல் இருந்துதுங்க. அதுக்கு மாட்டுனது. படிக்கறதுக்கு இல்லைங்க."

"நாடாவ அவுத்துக் குடுத்தீங்கன்னா செடிய காப்பாத்திக்குவனுங்க. ஒரு மாசந்தான் தாங்கும், அதுல பாதி நாள் போயிருச்சு."

"பாருங்க, எங்க இயக்ககத்துக்குக் கொள்கை ஒண்ணு இருக்குது." கிருபாசங்கர் நாற்காலியில் சாய்ந்து, விரல்களைக் கோத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். "எங்க வேலை வறட்சியத் தாங்கறதுக்கு உதவறது. வறட்சிய நீங்களே தாங்கிக்கிட்டா நாங்க எதுக்குங்க? இருபத்திரண்டு வருசமா இந்த வட்டாரத்துல ஒரு செடிகூட எங்க உதவி இல்லாம தாங்குனதில்ல. எங்க உதவியோடயும் தாங்குனதில்ல, அது வேற. நாளைக்கு மேல இருந்து கேப்பாங்க, இந்தப் பாதி ஏக்கர் யார் உத்தரவுல பச்சையா இருக்குதுன்னு. நான் என்ன பதில் எழுதறது?"

உத்தரவு வாங்காமல் பச்சையானது தன் செடிகளின் தவறுதானோ என்று தம்பிதுரைக்கே ஒரு கணம் தோன்றியது.

கிருபாசங்கர் இரங்கினார். குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி சொல்றேன். ஒரு பூசணிய வெச்சுபோடுங்க. லோகப்பிரியா வந்து பார்த்து, பூசணி இருக்குதுன்னு எழுதிரும். இருக்குதுன்னு ஆயிட்டா, அப்புறம் அது இல்லைன்னு ஆகறது லேசு. இல்லைன்னு ஆன உடனே சான்று. சான்று வந்தா நாடா."

தம்பிதுரை அன்னூர்ச் சந்தைக்குப் போனார். காய்க்காரர், "அரசாணியா, திருஷ்டிப் பூசணியா?" என்று கேட்டார். மஞ்சளா வெள்ளையா என்ற இந்தக் கேள்வி அலுவலகத்தில் எழவில்லை. தம்பிதுரை யோசித்து, சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணியையே வாங்கினார். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்தவர், "புது ஊடுங்களா?" என்று கிரகப்பிரவேசம் விசாரித்தார். "ஆமாங்க" என்று சொல்லி வைத்தார். உண்மையைச் சொல்ல இரண்டு நிறுத்தம் போதாது.

கறிவேப்பிலைச் செடியின் அடியில் பூசணியை வைத்தபோது புவனா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "கல்யாணம் பண்ணி இருபது வருசத்துல, மொத மொதலா ஒரே நாள்ல வெள்ளாமை எடுத்திருக்கறீங்க."

லோகப்பிரியா வந்தார். பூசணியைப் பார்த்தார். நிமிர்ந்து தம்பிதுரையைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கண்ணில் ஏதோ ஒன்று வந்து, நின்று, போய்விட்டது. "கொடி இல்லீங்களேண்ணா" என்றார் மெதுவாக.

"வைக்கச் சொன்னாங்க, வெச்சனுங்க."

"பரவால்லீங்க. கொடிக்குக் கட்டம் இல்ல." படம் எடுத்துக்கொண்டார். பூசணியின் சுற்றளவை அளந்தார். புறப்படும்போது குவியலிலிருந்து மாதிரி எடுத்தார்.

அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் மாதிரி எடுத்தார்கள். மாவட்டத்துக்கு ஒரு சாக்கு, மண்டலத்துக்கு ஒரு சாக்கு. முதல் மாதிரியின் மேல் 'குப்பை' என்று எழுதியிருந்ததால் ஆய்வுக்கூடம் திருப்பி அனுப்பியது, அதனால் இரண்டாவது மாதிரி. இரண்டாவதின் மேல் 'பூசணி' என்று எழுதியிருந்தது, ஆனால் சாக்கைப் பிரித்தால் மண் இருந்தது, அதனால் மூன்றாவது. ஜீப் ஓட்டுநர், "சாரு ஊட்டு மாடித்தோட்டத்துக்கும் ஒரு மாதிரி வேணுமாமுங்க" என்றார். மாதிரி எடுக்க வருகிறவர்களுக்கு நாடா எந்தத் தடையும் செய்யவில்லை. தாண்டித்தான் எடுத்தார்கள். தம்பிதுரைக்கு மட்டும்தான் அது கட்டியிருந்தது.

குவியல் நெஞ்சு உயரத்திலிருந்து இடுப்புக்கு வந்தது. இடுப்பிலிருந்து முழங்காலுக்கு வந்தது. மேற்குப் பக்கத்துச் செடிகள் முதலில் அடியிலையை உதிர்த்தன, பிறகு நடு இலையை. புவனா பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டிக் குடத்தில் கொண்டுபோய் ஊற்றினார். ஒரு குடத்துக்கு நான்கு செடி. ஒரு வரிசையைக்கூட முடிக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் பூசணியின் படம் தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முழு வறட்சி வட்டாரத்தில், ஒரு சொட்டு ஈரமில்லாமல், கொடிகூட இல்லாமல் விளைந்த பூசணி. இயக்குநர் சுந்தரராஜுலு நேரில் வந்து அந்த நிலத்தை மாதிரிப் பண்ணையாக அறிவிக்கப் போவதாகத் தந்தி வேகத்தில் உத்தரவு வந்தது.

கிருபாசங்கர் தம்பிதுரையின் தோளில் கை போட்டார். "நாடாவ அவரே வந்து வெட்டிருவாருங்க. இன்னும் பன்னெண்டு நாள்."

"பன்னெண்டு நாள் செடி தாங்காதுங்க."

"மாதிரிப் பண்ணைங்க. தாங்கோணும்."

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு சரக்கு வண்டியில் துப்புரவுக் குழு வந்தது. இயக்குநர் நிற்கப்போகும் இடத்துக்குப் பத்தடியில் 'குப்பை, அளவு: ஒரு குவியல்' இருப்பதாகப் பதிவேடு சொல்லியிருந்தது. குப்பைக்கு ஒரு நடைமுறை உண்டு. நான்கு பேர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு இறங்கினார்கள். தம்பிதுரை மேற்குப் பக்கத்திலிருந்து ஓடி வருவதற்குள் குவியலின் மேல் பிளீச்சிங் பவுடரை இரண்டு மூட்டை கொட்டி, பினாயில் கலந்த தண்ணீரை ஊற்றி, மண்வெட்டியால் நன்றாகக் கிளறிவிட்டிருந்தார்கள்.

"ஐயோ, அது குப்பைங்க" என்றார் தம்பிதுரை.

"குப்பைன்னுதானுங்க வந்தோம்" என்றார் மேஸ்திரி, மரியாதையாக.

தம்பிதுரை நாடாவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் குவியல் வெள்ளையாக மின்னியது. மழை நின்ற மண்ணின் வாசனை போய், ஆஸ்பத்திரி வராந்தாவின் நாற்றம் வந்தது. தோட்டம் முழுக்க அந்த நாற்றம். சாயங்காலம் சோற்றில்கூட அது இருந்தது. அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து கை கழுவினார்.

விழா நாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. பெண்கள் குடங்களோடு ஓடினார்கள். லாரி நிற்கவில்லை. இயக்குநரின் காரில் புழுதி படியாமல் இருக்க, ஊர் எல்லையிலிருந்து தோட்டம் வரை மண்பாதைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே போய்க் காலியானது. குமாரசாமி ஈரப் பாதையில் வெறும் குடத்தோடு நின்றார். இந்த லாரிக்காகத்தான் அவர் குடத்தில் கை வைக்காதே என்று சொல்லியிருந்தார். தம்பிதுரை பக்கம் அவர் பார்க்கவில்லை.

பந்தலில் பதாகை கட்டியிருந்தது. 'பூசணியால் வறட்சியை வெல்வோம்.' மேடை மேஜையில், மஞ்சள் துணி விரித்து, தம்பிதுரையின் பூசணி. சந்தைக்காரர் கத்தியால் கீறியிருந்த காம்புப் பக்கத்தைப் பின்னால் திருப்பி வைத்திருந்தார்கள்.

இயக்குநர் சுந்தரராஜுலு, அலுவலகத்தின் பழைய சுவர்ப் படத்தை வைத்து யாரோ எழுதிக்கொடுத்த காகிதத்தைப் பார்த்துப் பேசினார். நல்ல குரல்.

"வேர்ப் பூசணம் என்பதை நான் கண்ணால் கண்டதில்லை. இந்த இயக்ககத்தின் ஊழியர்கள் பலரையும் நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் இரு தரப்பும் மண்ணோடு மண்ணாக உழைப்பதாக எனக்கு மாதந்தோறும் அறிக்கை வருகிறது. பூசணத்தின் சிறப்பு என்ன? அதற்குத் தனக்கென்று உணவு தயாரிக்கத் தெரியாது. வெயிலில் நிற்கத் தெரியாது. அது செடியின் வேருக்குள் மெல்ல நுழைகிறது. அங்கேயே தங்குகிறது. செடி வெயிலில் நின்று சமைத்ததை உள்ளே இருந்தபடி உண்கிறது. நண்பர்களே, இருபத்திரண்டு ஆண்டுகளாக நமது இயக்ககம் உழவர்களோடு கொண்டிருக்கும் உறவை இதைவிடச் சிறப்பாக யாரும் விளக்க முடியாது."

கைதட்டல் எழுந்தது. வட்டார ஊழியர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பூசணம் பதிலுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் என்ற வரி காகிதத்தின் மறுபக்கத்தில் இருந்தது. கைதட்டல் நீண்டுவிட்டதால் இயக்குநர் காகிதத்தைத் திருப்பாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தம்பிதுரைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிபெருக்கியை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார்கள். அவர் மேற்குப் பக்கத்தைப் பார்த்தார். எல்லோரும் கிழக்குப் பக்கம் பார்த்து உட்காரும்படிதான் நாற்காலி போட்டிருந்தது.

"ஐயா, செடி செத்துட்டிருக்குதுங்க" என்றார்.

"பணிவான மனிதர்" என்று சொல்லி கிருபாசங்கர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

இயக்குநர் கத்தரிக்கோலால் சிவப்பு நாடாவை வெட்டினார். துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வெட்டினார். கார் கிளம்பும் முன் ஓட்டுநர் சுற்றும் முற்றும் பார்த்தார். இவ்வளவு பேர் கண் பட்டிருக்கிறது. மேஜையிலிருந்த பூசணியை எடுத்து, ஒரு துளை போட்டு, குங்குமம் நிரப்பி, சூடம் ஏற்றி, காரை மூன்று சுற்றுச் சுற்றி, நனைந்த பாதையில் ஓங்கி உடைத்தார். மாதிரிப் பண்ணையின் மொத்த மகசூலும் சக்கரத்தடியில் நசுங்கிப் போனது. ரைஹான் மட்டும் அதைக் கவனித்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

பந்தலைப் பிரித்த பிறகு தம்பிதுரை வெட்டுண்ட நாடாவையும் அட்டையையும் பொறுக்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இனி அந்தக் குவியலை அவர் தொடலாம். குனிந்து ஒரு கை அள்ளினார். கண் எரிந்தது. கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த இடத்தில் காவிக்கரை வெளுத்துப்போனது.

மூன்றாம் நாள் ரைஹான் போனில் கூப்பிட்டான். "அண்ணா, உங்க சான்று ரெடிங்க. பூசணி ஒடைஞ்ச படத்த ஏத்துனேன், கம்ப்யூட்டர் ஒத்துக்கிச்சு. இனி உங்க நெலத்துல பூசணி இல்லைங்க."

தம்பிதுரை ஒரு சாக்கும் களைக்கொத்தும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. விவசாயி வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பழக்கம்.

வாசலில் நின்றுவிட்டார்.

ஐந்து தொட்டிகளும் பச்சையாக இருந்தன. காய்ந்த குரோட்டன்ஸ் குச்சிகளைச் சுற்றிக்கொண்டு தக்காளிச் செடிகள் முழங்கால் உயரத்துக்கு எழுந்து, பூவும் பிஞ்சுமாகச் சரிந்து கிடந்தன. சித்திரை வெயில் நேராக அடித்தது. ஒரு இலைகூட வாடவில்லை. அவர் மண்ணில் விரலை விட்டு மூக்கில் வைத்துப் பார்த்தார். மழை நின்று அரைமணி நேரம்.

லோகப்பிரியா வெளியே வந்தார்.

"இது ஏதுங்க அம்மணி?"

அந்தப் பெண் தொட்டியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "உங்க மாதிரிதானுங்கண்ணா. ஆய்வுக்கூடத்துல எடுத்துக்கல, எல்லாம் திரும்பி வந்துருச்சு. உள்ள சாக்கு வெக்க எடமில்லீங்க. இதுல கொட்டிட்டாங்க. யாரோ டிபன்ல இருந்த தக்காளிய வீசியிருக்காங்க. தண்ணிகூட யாரும் ஊத்தலீங்க. கை கழுவுனதுதான்."

"ஆரும் ஆய்வு பண்ணலீங்களா?"

"வருசாந்திர அறிக்கைக்குப் படம் எடுத்திருக்கறாங்க. அலுவலக வளாகத்துல இயக்ககத்தோட சாதனைன்னு."

தம்பிதுரை சாக்கை உதறினார். முதல் தொட்டியில் களைக்கொத்தை இறக்கி, தக்காளிச் செடியை வேரோடு புரட்டி, மண்ணை ஒரு துளி சிந்தாமல் சாக்கில் கொட்டினார். பிறகு இரண்டாவது தொட்டி. ஊழியர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். ஒருவர், "என்னங்க பண்றீங்க?" என்றார்.

"மாதிரி எடுக்கறனுங்க" என்றார் தம்பிதுரை.

மாதிரி எடுப்பவரைத் தடுக்க விதி இல்லை. லோகப்பிரியா குனிந்து சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து தொட்டியும் காலியானதும் தம்பிதுரை சட்டைப் பையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்தார். வெட்டுப்பட்ட இடத்தில் முடிச்சுப் போட்டு, தொட்டிகளைச் சுற்றிக் கட்டி, அட்டையை முன்பக்கம் தெரியும்படி தொங்கவிட்டார். சத்தம் கேட்டு கிருபாசங்கர் வெளியே வந்தார். கோபமாகத்தான் வந்தார். அட்டையைப் படித்தார். 'மறு உத்தரவு வரை தொடக் கூடாது.' தன் கையெழுத்தைப் படித்தார். கடைசி எழுத்து தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் வைத்தார். ரைஹான் ஓடிவந்து சான்றைக் கையில் கொடுத்தான்.

புவனா அதற்குள் மேற்குப் பக்கம் முழுக்க நடந்து, ஒவ்வொரு செடியின் பட்டையையும் நகத்தால் கீறிப் பார்த்திருந்தார். உள்ளே பச்சை தெரிந்த செடிக்கெல்லாம் பழைய சேலைக் கிழிசலில் ஒரு முடிச்சு. எண்ணிப் பார்த்தால் ஒரு வரிசைக்கும் கொஞ்சம் குறைவு. ஐந்து தொட்டி மண் அதற்குச் சரியாக இருந்தது. மீதிப் பத்தொன்பது வரிசையளவுச் செடிகளையும் அந்த வாரமே பிடுங்கி விறகாக அடுக்கினார்கள். சான்றை மடித்து, ஆடும் அடுப்புக் கல்லுக்கு அடியில் அண்டையாகச் செருகினார் புவனா. ஆவணி பிறந்தபோது முடிச்சுப் போட்ட செடிகளில் சரிபாதி துளிர்த்திருந்தது. தம்பிதுரை மில்லில் ஒரு ஷிப்டும், வந்தபிறகு கிழக்குப் பக்கத்திலும் அந்த அரை வரிசையிலும் வேலை செய்கிறார். மக்காச்சோளத்துக்குப் புதிதாகப் பாத்தி வெட்டியிருக்கிறார். என்ன போடுகிறீர்கள் என்று யார் கேட்டாலும், "ஒண்ணுமில்லீங்க" என்கிறார்.

அன்னூர் அலுவலகத்தில் மறு உத்தரவு இன்னும் வரவில்லை. இருப்புப் பதிவேட்டில் 'செடியுடன் கூடிய தொட்டி – 5' என்றே இருக்கிறது. கடைநிலை ஊழியர் தினமும் காலையில் வந்து, நாடாவின் மேல் படிந்த தூசியை மட்டும் துணியால் துடைத்துவிட்டுப் போகிறார்.